ரப்பர் வைத்த கதவு

மூக்கு மேடம் வருகிறார் என்று சேதி வந்தால் அந்த வீட்டில் முதலில் ஒளிவது ஆம்பளைச் செருப்பு. பிறகு சவரக்கத்தி. பிறகு கொடியில் காயும் பனியன், ஜன்னல் விளிம்பில் கிடக்கும் சிகரெட் பெட்டி, கருவிப் பை. எல்லாவற்றுக்கும் கடைசியாக, அந்தச் செருப்புக்கும் கத்திக்கும் பனியனுக்கும் சொந்தக்காரர் ஒளிவார்.

மேடத்துக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். இந்த வீட்டில் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கல்வி உதவித்தொகை அலுவலகத்தில் விசாரணை அதிகாரி அவர். உதவி வாங்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரில் போய், விண்ணப்பத்தில் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. ஒரு தடவை வாசலிலேயே நின்று மூச்சை ஒரு இழு இழுத்து, "வீட்டுல யாரும்மா சிகரெட் பிடிக்கிறது?" என்று கேட்டார். அன்றைக்கு மகள் வைத்த பெயர்தான் மூக்கு மேடம். கீழ் வீட்டுக்காரர் பிடிக்கிற புகை மேலே வருகிறது என்று அம்மாக்காரி வாய் கூசாமல் சொல்லிச் சமாளித்தாள்.

அவள் பொய் சொல்லி அந்த உதவியை வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைத் தப்பாக எடைபோட்டு விடுவீர்கள். புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பழைய தெருவில் எல்லோருக்கும் அவர் 'கூலிங்காரர்'. வைத்திருந்த கடை நொடித்ததும் மனுஷன் ஒரு விடியற்காலையில் கருவிப் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார். ஐந்து வருஷம். ஒரு போன் கிடையாது, ஒரு வரி கிடையாது. இருக்கிறாரா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்றுகூடத் தெரியாமல் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி, காயவைத்து, மடித்து, மகளைப் பள்ளிக்கூடம் முடிக்க வைத்தாள். கல்லூரிக்கு எங்கே போவது? கண் பரிசோதனைப் படிப்பு படிக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். அப்போதுதான் சலவைக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள், தாய் மட்டும் காப்பாற்றுகிற பிள்ளைக்குப் படிப்புச் செலவு முழுவதையும் கொடுக்கிற திட்டம் ஒன்று இருக்கிறது என்று. அவள் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். புருஷன் இல்லை, எங்கே என்று தெரியாது. விசாரித்தார்கள், உண்மைதான், கொடுத்தார்கள்.

மகள் முதல் வருஷம் முடிக்கிற நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கூலிங்காரர். தீப்பெட்டி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பிய ஆள் மாதிரி, "வந்துட்டேன்" என்றார்.

எங்கெங்கோ ஐஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தார். இருமினால் அடங்க நேரமாகும். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே கதவைச் சாத்தியிருப்பாள். மகள் பின்னால் வந்து நின்று "அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக, "நாலு நாள் இருந்துட்டுக் கிளம்புங்க" என்று உள்ளே விட்டாள். அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை.

விதி ஒற்றை வரிதான். வீட்டில் சம்பாதிக்கிற ஆம்பளை வந்துவிட்டால் உதவி நின்றுவிடும், மறைத்தால் அதுவரை கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள். கூலிங்காரர் சம்பாதித்த லட்சணம் விதிக்குத் தெரியுமா? மாசத்தில் பாதி நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். ஆனாலும் ஆம்பளை ஆம்பளைதான், விதி விதிதான். அவர் போன பிறகு குடிவந்த புதுத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாதது ஒரு வசதி. அவளுடைய அண்ணன், பக்கத்து ஊரில் வேலை, அடிக்கடி வந்து போவார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தாள். மகள் மாடிப்படியில் அவரை 'மாமா' என்று கூப்பிட வேண்டும், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் 'அப்பா'. ஒரே மனுஷனுக்குப் படியேறி முடிப்பதற்குள் உறவு மாறிவிடும். முதலில் மகளுக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மேடத்திடம் மட்டும் அண்ணன் கதை செல்லாது, அவருடைய கோப்பில் கூலிங்காரரின் போட்டோவே இருந்தது.

ஆகவே மேடம் வருகிற நாளில் அவர் அலமாரிக்குள் போவார். முன்னறையில் சுவருக்குள் பதித்த அலமாரி. ஆள் குறுகி உட்காரலாம், அவ்வளவுதான். அவரோடு கருவிப் பையும் பழைய மோட்டாரும் பாய் தலையணையும் சேர்ந்துகொள்ளும். அலமாரிக் கதவில் மகள் தன் கண் பரிசோதனை அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். மேலே யானை மாதிரி ஒரே ஒரு எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு வரிசை. எதிர்ச் சுவரில் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, அப்பாவை உட்கார வைத்து, கீழ் வீட்டுக்காரரைக்கூட உட்கார வைத்து படிக்கச் சொல்லிப் பழகுவாள்.

எல்லாம் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இருமலைத் தவிர. போன தடவை மேடம் எழுந்து வாசலுக்குப் போகிற நேரத்தில் அலமாரிக்குள்ளிருந்து ஒரு செருமல். அவள் கையிலிருந்த எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே தரையில் போட்டாள். தட்டு கிடந்து சுழன்று அடங்குகிற வரை மேடம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது.

இப்போது கடைசி வருஷம். ஆஸ்பத்திரியில் நேரடிப் பயிற்சி, அதற்குத்தான் செலவு அதிகம். இந்த விசாரணையில் மேடம் கையெழுத்துப் போட்டால் மகள் படித்து முடித்துவிடுவாள். போடாவிட்டால் இத்தனை வருஷமும் குப்பை. வேறு எந்தக் கனவும் அந்த அம்மாக்காரிக்குக் கிடையாது.

யோசனை சொன்னது கூலிங்காரர்தான். மேடம் வருவதற்கு முந்தின நாள், மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். யாரோ எடைக்குப் போடச் சொன்ன பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைக் கீழே முற்றத்தில் இறக்கி வைத்திருந்தார். அதன் கதவை வழக்கம் போலக் கழற்றி மேலே கொண்டுவந்தார். அவரிடம் அது ஒரு கிறுக்கு. செத்துப்போன ஃபிரிட்ஜைக் கதவோடு வெளியில் விடவே மாட்டார். எடைக்காரன் வண்டியோடு நின்று திட்டினாலும் சரி, திருகைக் கழற்றிக் கதவைத் தனியே எடுத்த பிறகுதான் மறு வேலை. கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாளே தவிர, காரணத்தைக் காதில் வாங்கியதில்லை.

அன்றைக்கு அந்தக் கதவைச் சுற்றியிருந்த ரப்பரைக் கத்தியால் நெம்பி உரித்து எடுத்தார்.

"எதுக்குங்க இது?"

"பாரேன்" என்றார். அலமாரிக் கதவின் உள்பக்கம் சுற்றிவர அதை ஒட்டினார். ரப்பர் நன்றாக அழுந்த வேண்டும் என்று வெளியில் ஒரு இரும்புக் கொக்கி அடித்தார். பிறகு தான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, "கொக்கியப் போடு" என்றார். போட்டாள். கதவு 'ச்சக்' என்று ஒட்டியது. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். ஒன்றுமில்லை. திறந்தால் மனுஷன் முகம் சிவந்து இருமிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச்சா?"

"ஒரு பொட்டு சத்தம் வரலீங்க!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் ஓடிப்போவதற்கு முன்னாலும் சரி, திரும்பி வந்த பின்னாலும் சரி, அப்படிச் சேர்ந்து சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை. அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். கதவுக்குக் கீழே ரப்பர் எட்டாமல் ஒரு இடுக்கு.

"கீழ சந்து தெரியுதே. அதையும் அடைங்க. அந்தம்மா மூக்கு சும்மா இருக்காது."

"காத்து வேணாமா?" என்றார், சிரித்தபடியே.

எங்கிருந்து வந்ததோ அவளுக்கு, பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு வருஷம் நாங்க எப்படி மூச்சு விட்டோம்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சிட்டு உக்கார முடியாதா உங்களால? நாளைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, அவ படிப்பு உங்களாலதான் போச்சு, ஆமா. செத்தாலும் சத்தம் வரக் கூடாது."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மிச்சமிருந்த ரப்பரை அளவாக வெட்டி, கீழ் இடுக்கிலும் வைத்து ஒட்டினார்.

மறுநாள் காலையிலிருந்தே மழை கொட்டியது. மேடம் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். எப்போது வருவாரோ என்று பயந்து கூலிங்காரர் முன்கூட்டியே உள்ளே போய்விட்டார். கொக்கியை அவள்தான் போட்டாள். அட்டையை நேராக்கினாள். சிறிது நேரத்தில் மகள் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தாள். அலமாரியைக் கண்ணால் காட்டி, "போயாச்சா?" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். ரப்பரைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கும் முன் கீழே வண்டி நிற்கிற சத்தம்.

மேடம் குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு மூச்சை இழுத்தார். அம்மாக்காரிக்கு உயிர் போய் வந்தது. மேடம் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பரவாயில்லையே, இன்னைக்குப் புகை வாடையே இல்ல."

"கீழ் வீட்டுக்காரர் விட்டுட்டார் மேடம்."

மேடம் சமையலறையை எட்டிப் பார்த்தார், குளியலறையில் எத்தனை துண்டு தொங்குகிறது என்று பார்த்தார், வந்து உட்கார்ந்தார். வழக்கமாக இதோடு கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிடுவார். அன்று மழை அவரைக் கட்டிப் போட்டது. இது இந்த வீட்டுக்குக் கடைசி விசாரணை என்பதாலோ என்னவோ, மனுஷிக்குப் பேசவும் ஆசை வந்துவிட்டது. மகளின் மதிப்பெண்களைக் கேட்டார். பயிற்சி எங்கே என்று கேட்டார். தன் அக்கா மகன் படிக்காமல் ஊர் சுற்றுகிற கதையைச் சொன்னார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். 'போதும் தாயே, கிளம்பு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

மேடம் ஒருவழியாகக் கோப்பைத் திறந்து, பேனாவை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "என்னமோ இப்பல்லாம் எழுத்து மங்கலாத் தெரியுது."

மகள் சட்டென்று, "நான் பாக்கட்டுமா மேடம்?" என்றாள்.

அம்மா முறைத்த முறைப்பை அவள் கவனிக்கவில்லை. மேடத்தைக் குளிரவைத்துவிட்டால் கையெழுத்து சுலபமாக விழும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. பிள்ளைதானே.

"பாரேன்! எங்க உதவித்தொகையில நீ என்னதான் படிச்சிருக்கேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்" என்று மேடம் கோப்பை மூடி வைத்துவிட்டு, எதிர்ச் சுவரோரம் போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அலமாரிக் கதவுக்கு நேர் எதிரே. மகள் அவருக்கு ஒரு கண்ணை மறைக்கக் கரண்டி மாதிரி இருந்த கறுப்புத் தட்டைக் கொடுத்தாள். தான் ஒரு குச்சியோடு அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேலேருந்து படிங்க மேடம்."

மேடம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி படித்தார். முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் இருக்கும்போது அட்டைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டொக்.

மகள் குச்சியை இறக்கவில்லை. "அடுத்த எழுத்து மேடம்" என்றாள், குரலை உயர்த்தி.

டொக், டொக்.

"என்னது அது? அட்டை ஆடுற மாதிரி இருக்கே?"

"காத்து மேடம்" என்றாள் அம்மா. ஜன்னல்கள் எல்லாம் மழைக்குச் சாத்திக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு, "எலி மேடம். பழைய வீடு பாருங்க, எலித் தொல்லை தாங்கல" என்றாள்.

"எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். கோப்பையே தின்னுடுது" என்று மேடம் சிரித்தார்.

அவளுக்கு அலமாரிமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. படித்துப் படித்துச் சொன்னேனே, செத்தாலும் சத்தம் வரக் கூடாதென்று! ஐந்து வருஷம் காணாமல் போகத் தெரிந்தவருக்கு அரை நாழி காணாமல் இருக்கத் தெரியவில்லையே! தட்டல் நிற்கவில்லை. மகள் உரக்கப் பேசிக்கொண்டே கண்ணை மாற்றி மூடச் சொன்னாள். பிறகு கதவின் கீழ் மூலையில் எதையோ பிறாண்டுகிற மாதிரி ஒரு ஓசை, மழைச் சத்தத்தில் கேட்டும் கேளாமலும். அதுவும் நின்றது.

அடங்கினார் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டாள். ஆமாம், நிம்மதியாகத்தான் பெருமூச்சு விட்டாள்.

மகள் சோதனையை முடித்து, வலது கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அழகாக எடுத்துச் சொன்னாள். மேடம் குளிர்ந்துபோய் மேசைக்குத் திரும்பிக் கோப்பைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் மாடியேறி வந்து வாசலில் நின்றான்.

"மேடம், வண்டியத் திருப்ப முடியல. கீழ வழியில ஒரு ஃபிரிட்ஜ் கிடக்குது. கதவு வேற இல்லாம, உள்ள பூரா மழைத்தண்ணி."

"நகத்தி வச்சிட்டுத் திருப்புப்பா. அது எதுக்குக் கதவக் கழட்டிப் போட்டிருக்கு?"

மகளுக்குத் தெரிந்த விஷயம். சின்ன வயசிலிருந்து கேட்ட பேச்சு. யோசிக்காமல் சொன்னாள்: "பிள்ளைங்க ஒளிஞ்சு விளையாடுறப்ப உள்ள போயிடும் மேடம். ரப்பர் ஒட்டிக்கிச்சுன்னா உள்ளேருந்து திறக்க வராது. கத்தினாலும் கேக்காது. கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டிடும். அதனால கழட்டிட்டுத்தான் போடணும்."

அப்பா சொல்கிற அதே வார்த்தைகள், அதே வரிசை. சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு அட்டையைத் துடைக்கத் திரும்பினாள். ரப்பர் விஷயம் அவளுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். தட்டியது அவர் மறந்துபோய் அல்ல. பிறாண்டியது சும்மா அல்ல. கீழ் இடுக்கை அடைக்கச் சொன்னது யார்?

எழுந்துவிட்டாள். கொக்கி அதோ, மேடத்தின் தலைக்குப் பின்னால். போய்த் தட்டிவிட்டால் போதும்.

"உக்காரும்மா, முடிச்சிடலாம்" என்றார் மேடம். பேனாவின் மூடியைத் திறந்தாகிவிட்டது. "நான் படிக்கிறேன், சரியான்னு சொல்லு."

ஒரு பக்கம்தான். ஒரே ஒரு பக்கம். இப்போது திறந்தால் எல்லாம் போச்சு, படிப்பு போச்சு, இந்த வருஷங்கள் போச்சு. ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? இத்தனை நேரம் தாங்கின மனுஷன் இதைத் தாங்க மாட்டாரா? ஒன்றும் ஆகியிருக்காது, அசதியில் தூங்கியிருப்பார். இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மேடம் மங்கின கண்ணால் நிதானமாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். மகளின் பெயர், கல்லூரி, வருஷம், வாடகை. அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அலமாரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வராதா என்று காது ஏங்கியது. போன நிமிஷம் வரை எதற்குப் பயந்தாளோ அந்தச் சத்தம், ஒரே ஒரு டொக்.

"இந்த வீட்டில் தாயும் மகளும் தவிர வேறு யாரும் இல்லை. சரிதானேம்மா?"

"சரிதான் மேடம்."

மேடம் கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து ஊதி, அழுத்தினார். மகளின் தலையில் கைவைத்து, "நல்லாப் படிச்சு முன்னுக்கு வா" என்றார். குடையைத் தேடினார், அது வைத்த மூலையிலேயே இருந்தது, தன் மறதிக்குத் தானே சிரித்தார். படியிறங்கினார்.

அம்மா பாய்ந்தாள். அட்டை கிழிந்து தொங்கியது. மகள், "மெதுவாம்மா, இன்னும் படியிலதான் இருக்காங்க!" என்று பதறினாள். கொக்கி வந்தது, கதவு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததும் 'ச்சக்' என்று விட்டது.

கூலிங்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்திருந்தார். வாய் கதவின் கீழ் மூலையில் பதிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்திருந்தது. நகங்களில் கறுப்பு. உதடு நீலம்.

மகள் ரப்பரைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள். "அப்பா!" என்று வீடு அதிரக் கத்தினாள். கதவைச் சாத்தாமல், குரலைத் தாழ்த்தாமல், தெருவுக்கே கேட்க அந்த வார்த்தை அந்த வீட்டிலிருந்து வெளியே போனது அதுதான் முதல் தடவை. மறுநொடி படியில் உருண்டு விழாத குறையாக ஓடினாள்.

"மேடம்! வண்டிய நிறுத்துங்க மேடம்! எங்கப்பா மேடம்! மூச்சு இல்ல மேடம்!"

அம்மாக்காரி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டாள். இந்தப் பெண் எதையும் நினைத்துப் பார்க்கவில்லையே என்று இருந்தது அவளுக்கு. படிப்பையோ கையெழுத்தையோ, எதையும்.

மேடம் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். கோப்பில் பார்த்த முகம். டிரைவரைக் கூப்பிட்டுத் தோளில் தூக்கச் சொன்னார். அலுவலக வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் மகள் அப்பாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தாள், கல்லூரியில் ஒரு நாள் சொல்லிக்கொடுத்ததாம். அம்மாக்காரி காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் சில்லென்று இருந்தது.

அது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான். பதிவு மேசைக்காரிக்கு அவளைத் தெரியும், புருஷன் விட்டுப் போன கதையும் தெரியும். பதறி எழுந்து, "யாருக்கா இது? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"அண்ணன்" என்றாள் அவள். யோசித்துச் சொல்லவில்லை. தெருவில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அதுவாகச் சொல்லிவிட்டது.

"அப்பா" என்றாள் மகள், மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு. "எங்கப்பா. எழுதுங்க."

வெகு நேரம் ஆகவில்லை, டாக்டர் வெளியே வந்துவிட்டார். சீக்கிரம் வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், என்ன நடந்ததென்று கேட்பார்கள் என்றார். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் காதில் 'கொஞ்சம் முன்னால்' என்பதோடு எல்லாம் நின்றுவிட்டது. உள்ளே அவரைத் தலையோடு மூடியிருந்த விரிப்பின் மடிப்புக் கோடு நேராக இருந்தது. அவளோ, சலவைக்கூடத்தில் அவள் பக்கத்தில் நிற்கிறவளோ மடித்ததாக இருக்கும்.

நடைபாதை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை விட்டிருந்தது. மகள் அழுது ஓய்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரப்பர் எப்ப வச்சது?"

"நேத்து."

"அப்பா தட்டினாரே. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தட்டுறப்ப தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

"அப்புறம்?"

அவள் முந்தானை நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மேடம் மடியில் கோப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மனசு பண்ணி ஒரு முடிவுக்கு வந்த மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்க பாரும்மா. போலீஸ் கேட்டா நடந்தத நீ சொல்லிக்க, அது உன் பாடு. நான் இதப் பத்தி எழுதினா குடுத்ததெல்லாம் திருப்பிக் கேப்பாங்க. பொண்ணு படிப்பு பாழாப் போயிடும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். நான் எழுதினத அடிக்கப் போறதில்ல." கோப்பின்மேல் தட்டினார். அந்தத் தட்டலுக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்டது. "வீட்டுல தாயும் மகளும் தவிர யாரும் இல்லன்னு எழுதியிருக்கேன். இனிமே அது சரிதானே?"

"சரிதான் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அதைவிட மோசம், சொல்லும்போது நெஞ்சுக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கியது. படிப்பு நிற்காது என்று இறங்கியது. அது இறங்கியதை அவள் உணர்ந்தாள், மறைக்க நேரமில்லை.

மகள் எழுந்து வந்து அவள் எதிரே நின்று குனிந்தாள். எதிரே உட்காரவைத்தவர்களைப் பரிசோதிக்கிற போது பார்ப்பாளே, அந்த மாதிரி அம்மாவின் ஒரு கண்ணைப் பார்த்தாள், பிறகு மறு கண்ணைப் பார்த்தாள்.